பன்னிரண்டு சதவீதம்

சியுதாத் ஹுவாரெஸ், ஜனவரி.
காற்றில் ஈரம் பன்னிரண்டு சதவீதம் என்கிறது
சுவர் மானி.

வாசல் சோதனைப் பெட்டியில்
நோஎமி விரலை அழுத்துகிறாள். சிவப்பு.
குதிகால் பட்டையை இறுக்கி மறுபடியும். சிவப்பு.
பின்னால் வரிசை முணுமுணுக்கிறது.
ஞாயிறு முழுக்க பிளீச்சில் துணி அலசிய தோல்,
மின்சாரமும் நுழையாத வறட்சி.
ரொகேலியோ களிம்பு டப்பாவை நீட்டுகிறான்.
மூன்றாம் முறை பச்சை.

மணிக்கட்டில் பட்டை, பட்டையிலிருந்து சுருள் கம்பி,
கம்பி மேஜைக்கு, மேஜை மண்ணுக்கு.
மூக்கு அரித்தால் சொறியலாம்.
எழுந்து போக முடியாது.

நமக்கு உறைக்க மூவாயிரம் வோல்ட் வேண்டும்,
இந்தச் சில்லுக்கு நூறு போதும்.
சத்தமில்லை, புகையில்லை.
சோதனையில் தேறி, பெட்டியேறி, கடல் தாண்டி
யாரோ ஒருவரின் மூச்சுக் கருவிக்குள்
எட்டு மாதம் கழித்துச் சாகும்.
தொட்டது யார் என்று
எந்தத் தாளிலும் இருக்காது.

இரவு பதினொன்று. விளக்கணைத்த அறையில்
கம்பளிச் சட்டையைத் தலைவழியே உருவுகிறாள்.
படபடவென்று நீலப் பொறி.
முடி எட்டுத் திசைக்கும் நிற்கிறது.
விரிப்பில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து
தூங்கும் எஃப்ரயினின் காது நுனியில்
ஒரு விரல்.

சட்.

"பைத்தியமே!"
எழுந்து உட்காருகிறான்.
இப்போதைக்குப் பழுதில்லை.