தளபதியின் தலையணை

நதிமூலம் பார்க்கக் கூடாது.
எனக்கோ அதற்குத்தான் கூலி.

"ரோமாபுரியிலிருந்து தொடங்கு" என்றார்
லூபெக் நகரசபையின் டெட்மார் ஸ்டென்ஹாகென்.
"முடிந்தால் ஒரு தளபதி.
முடியாவிட்டால்
தளபதியின் தம்பி போதும்."
முன்பணம் எட்டு மார்க்.
கன்றுத்தோல் என் செலவு.

நவம்பர் முழுக்கக் கடன் பேரேடுகளில் கிடந்தேன்.
மை உறையும் குளிர்.
குப்பியை அக்குளில் வைத்து இளக்கிக்கொள்வேன்.
மேல் தலைமுறைகள் எளிது:
பணக்காரன் சாகும்போது கோயிலுக்கு மெழுகு எழுதிவைக்கிறான்,
மெழுகு அவன் பெயரைக் காப்பாற்றுகிறது.
ஒருவன் பெர்கனில் கருவாடு பிடித்தான்.
ஒருவன் நோவ்கரோதில் அணில்தோல் வாங்கி
எண்ணிக்கையில் ஏமாந்து
ஊர் திரும்பி
பொக்கிஷக் காப்பாளன் ஆனான்.

ஐந்தாவது ஆளிடம் பெயர் மெலிந்தது.
ஸ்டென்ஹாகென், "ஸ்டென்ஹாகெனிலிருந்து வந்தவன்" ஆயிற்று.
அப்புறம் வெறும் கெர்வின்.
அவனுக்குத் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில்
"வோப்பெக்கேயின் மகன்."

தேடினேன்.
"உப்பு விற்கும் வோப்பெக்கே தரவேண்டியது மூன்று மார்க்.
ஈடு: செப்புக் குண்டான் ஒன்று, மெத்தை ஒன்று."
வேறு மையில் குறுக்கே ஒரு கோடு.
அடைத்த கடனைத்தான் அப்படி அடிப்பார்கள்.
ஓரத்தில் அவள் கைக்குறி:
சாய்ந்த மூன்று கீறல்.

அந்த மூன்று கீறல்தான்
ஸ்டென்ஹாகென் கேடயத்தில் வெள்ளியில் மின்னுகிறது.
புனிதப் போரில் பறித்த வாள்கள் என்று
திருமணங்களில் சொல்கிறார்கள்.

அவளுக்கு முன்னால் பக்கம் இல்லை.
அட்டைதான்.

சொன்னேன்.
டெட்மார் கோபப்படவில்லை.
"மூன்று மார்க்கா? வட்டி?"
வட்டி எழுதப்படவில்லை என்றேன்.
"கெட்டிக்காரி" என்றார்,
ஏதோ நேற்றுச் சந்தையில் பார்த்தவளைப் போல.
பிறகு இன்னும் பன்னிரண்டு மார்க்கை
மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார்.
"ரோமாபுரி" என்றார்.

வரைந்தேன்.
புல்லில் தளபதி மல்லாந்து படுத்திருக்கிறார்.
அவர் மார்பிலிருந்து மரம் கிளம்புகிறது,
கிளைக்கு ஒரு ஸ்டென்ஹாகென்.
ரோமர்கள் எப்படி இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?
முகத்துக்கு எங்கள் தெருக் கசாப்புக்காரனை வைத்துக்கொண்டேன்.
தலைக்கு உயரம் வேண்டியிருந்தது.
ஒரு மூட்டை போட்டேன்,
சாக்கின் வாய் சற்றே அவிழ்ந்து
வெள்ளையாக எதுவோ புல்லில் சிந்தியிருக்க.

விருந்தாளிகள் அதைப் பனி என்கிறார்கள்,
பூத்த புல்லுக்கு நடுவே.

டெட்மார் விளக்கைக் குனித்துப் பிடித்து
அந்த மூலையை வெகுநேரம் பார்த்தார்.
கூலியில்
ஒரு காசும் பிடித்துக்கொள்ளவில்லை.