விசிலுக்குப் பதில் சொல்லும் திறப்பு

ஒட்டுசுட்டான் சந்தியில்
நானூற்றைம்பது ரூபாய்க்கு
வாங்கி வந்தாள் தவச்செல்வி:
விசிலடித்தால்
கீக் கீக் என்று
கிடக்கும் இடம் சொல்லும் திறப்புக்கோர்வை.

பால்மா டின்னுக்குள் ஒருநாள்,
உழவு மெசின் சீற்றுக்கடியில் ஒருநாள்.
கூப்பிட்ட குரலுக்குக் குறை வைக்கவில்லை.
பெத்த பிள்ளையளை விட மேல் என்றாள்.

புதன்கிழமை
குரங்கொன்று தூக்கிக்கொண்டு போய்விட்டது.
முற்றத்தில் நின்று விசிலடித்தாள்.
பின்வளவு முதிரை உச்சியிலிருந்து
மரியாதையாய்ப் பதில் வந்தது.

பிறகென்ன,
கோடாலிதான் கதவைத் திறந்தது.

இப்ப
சாமத்தில் மயில் அகவினாலும்
அது சொல்கிறது:
ஓமோம், இஞ்சதான் நிக்கிறன்.

பற்றரி ஒரு வருஷம் நிற்குமென்று
கடைக்காரன் சொன்னது
பொய்யில்லை.
படுக்கையில் எழும்பியிருந்து
மாதங்களை எண்ணுகிறாள்.