கன்ட்ரோல்

சாம்பல் குட்டையில் வேலை செய்கிறவர்கள் முப்பது பேர்.
பக்கத்தில் வைத்துப் பார்க்க
சாம்பல் படாத முப்பது பேர் வேண்டும்.
இருபத்தொன்பதுதான் தேறியது.
சார் என் கையைப் பார்த்தார்.
சுடிதார் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன்.

ராயபுரம். மூன்றாம் மாடி. ஏசி ஓடாத அறை.
இங்கே நாங்கள் செல்லைக் கூழில் பதித்து
மேலுறையை உப்பில் கரைத்து
மின்சாரம் விடுவோம்.
அறாத இழை இருந்த இடத்திலேயே
உருண்டையாய்க் கிடக்கும்.
அறுந்த துண்டுகள் நேர்முனை பார்த்து ஓடும்.
சாயமேற்றி இருட்டில் பார்த்தால்
ஒரு தலை, பின்னால் ஒரு வால்.
வால்நட்சத்திரம் என்று இதற்குப் பேர் வைத்தவன்
வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வானம் பார்த்திருப்பான்.
எனக்கு அது
மீன் ஏலக்கூடத்தில் ஐஸ்பெட்டியை
இழுத்துப்போன ஈரத்தடம்.

ஊசி ஏறும்போது துளசிங்கம் கேட்டார்:
"ரத்தத்த எட்துனு போயி இன்னாம்மா பண்ணுவீங்க?"
எத்தனை எடத்துல அறுந்திருக்கு,
எவ்ளோ நேரத்துல ஒட்டுதுன்னு பார்ப்போம்.
"தானா ஒட்டுமா?"
ஒட்டும்.
"அப்ப எதுக்கு எண்ணினுகீறீங்க?"
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

ஒட்டுவதில் இரண்டு விதம் உண்டு.
அவசரத்தில் ஒட்டுவது:
அறுந்த முனையை ஒரு வளையம் வந்து கவ்வும்.
பிசிறை நறுக்கும். முனையோடு முனை.
நாலு எழுத்து போனால் போகட்டும்.
சில நேரம் வேறெங்கோ அறுந்த முனை
அந்தப் பக்கம் வந்தால்
அதையும் பிடித்து ஒட்டிவிடும்.

மற்றதற்கு நிதானம் வேண்டும்,
தன்னைப்போலவே படியெடுத்த இன்னொரு இழையும்.
பாடத்தில் அவள் பேர் சகோதரி.
அவளைப் பார்த்துப் பார்த்து
போனதை எழுத்து மாறாமல் எழுதிக்கொள்ளும்.

ரத்தத்தில் சுற்றிவரும் இந்தச் செல்லோ
பிரியாமல் சும்மா இருக்கிற செல்.
படியெடுக்கவில்லை. சகோதரி இல்லை.
அவசரம்தான் அதற்கு வாய்த்தது.

எர்ணாவூரிலிருந்து வருகிற வழியில்
கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும்.
மழைக்கு முன் குழிகளில் இடிபாடு கொட்டினார்கள்.
யார் வீட்டுக் குளியலறையோ,
நீலப்பூ போட்ட ஓட்டுத் துண்டு ஒன்று
எண்ணூர் நெடுஞ்சாலை நடுவில்
முகம் மேலே பார்த்துக் கிடந்தது.
நுண்ணோக்கியில் பதினோரு வருஷமாய்ப் பார்க்கிறேன்,
இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

அறுபது பேருக்கும் எண்தான், பேர் கிடையாது.
எண்ணுகிறவளுக்கே தெரியக்கூடாது எது யாருடையது என்று.
கதிர் பட்டவுடன் ஒரு கணக்கு,
அரைமணி கழித்து ஒன்று,
இரண்டு மணி கழித்து ஒன்று.
வால் சுருங்கிக்கொண்டே வரவேண்டும்.
நாற்பத்தேழு சுருங்கவில்லை.
பாவம் யாரோ என்று குறித்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை உறையைப் பிரித்தோம்.
நாற்பத்தேழு நான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"உன் வீடு எங்கே?"
எர்ணாவூர்.
"எத்தனை வருஷமா?"
பொறந்ததுலேர்ந்து.
"அப்ப நீ கன்ட்ரோலே இல்லையேம்மா."
என் மேல் ஒரு கோடு.
திருவொற்றியூர் டியூஷன் வாத்தியார் மேல் ஒன்று,
மணலி தபால்காரர், பூ கட்டுகிற ஜெபக்கனி,
சாத்தாங்காட்டு டெய்லர்.
பேனா மை தீர்ந்து வேறு பேனா எடுத்தார்.
"அடையாறு பக்கம் யாரையாவது கேட்டுப் பார்ப்போம்."

அன்று ராத்திரி கொடியிலிருந்து
தலையணை உறையை உதறினேன்.
கறுப்புப் பொடி.
மணலிப் பக்கம் சுடர் எரிந்துகொண்டிருந்தது,
அணைத்தால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

துளசிங்கம் போன் செய்தார்.
"இன்னாம்மா, ஒட்டிச்சா?"
உங்களுது அரைமணியிலயே பாதி ஒட்டிடுச்சுண்ணே.
"பரவால்லியே! உன்னுது?"
என்னுது இன்னும் ஓடினுகீது என்றேன்.
ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.
அவர் பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்.

திங்கட்கிழமை
நீலப்பூ அதே குழியில்தான் இருந்தது.
சக்கரம் ஏறும்போதெல்லாம்
கொஞ்சம் ஆடுகிறது.