காது எண் 4417

அப்பாசியாவிலிருந்து இருபத்தைந்து நிமிடம்தான்.
அதற்குள் இரண்டு வாந்தி,
காணாமல்போன ஒரு தண்ணீர் பாட்டில்,
நூறு தடவை "வந்தாச்சா மிஸ்".
ஆறாவது வட்டச்சாலை தாண்டியதும்
வாடைதான் முதலில் பஸ்ஸில் ஏறியது.
பண்ணை பிறகுதான் கண்ணில் பட்டது.
முப்பத்தெட்டு மூக்குகளும் ஒரே நொடியில் பொத்திக்கொண்டன.
இரண்டாம் வகுப்பு சி பிரிவில்
இப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

இறங்கும்போது எண்ணினேன்.
ஷூவுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டு
மறுபடி எண்ணினேன்.
ஒவ்வொரு கழுத்திலும் அட்டை:
பெயர், பிரிவு, ரத்த வகை, அப்பாவின் செல் நம்பர்.

எங்கள் பள்ளியைவிட நீளமான கொட்டகை.
உச்சியில் ராட்சத விசிறிகள்,
அவற்றிலிருந்து பூஞ்சாரல்.
அசைபோட்டபடி பசுக்கள்
பரீட்சை ஹாலுக்குத் தாமதமாய் வந்தவர்களைப்போல
எங்களைப் பார்த்தன.

டாக்டர் ஹாஸிம் சூடான்காரர்.
அவர் வாக்கியங்கள் அரபியில் புறப்பட்டு
ஆங்கிலத்தில் கொஞ்ச தூரம் நடந்து
இந்தியில் வந்து உட்காரும்.
"இவள் ஒரு நாளைக்கு முப்பது லிட்டர்."
"புல்லு பச்சைதானே, பால் ஏன் வெள்ளை?"
அதற்கு மட்டும் மூன்று மொழியும் போதவில்லை.

ஜெர்வின் பாலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
ஒரு பசுவின் காதருகே நின்றிருந்தான்.
"மிஸ், இவங்களுக்கும் ஐடி இருக்கு."
மஞ்சள் அட்டை. 4417.
பதில் மரியாதையாகத் தன் அட்டையைத் தூக்கி
அதன் கண்ணுக்கு நேரே காட்டினான்.
பசு மோந்தது, யோசித்தது,
நாக்கை நீட்டி ஒரே இழுப்பு.
ரத்த வகை அழிந்துபோனது.

பிறகு கேட்டார்கள் பாருங்கள்.
"இவங்க எந்த ஊரு?"
ஹாலந்து.
"எப்படி வந்தாங்க?"
விமானத்தில்.
"ஜன்னல் சீட்டா?"
டாக்டர் சிரித்து முடிப்பதற்குள்
"லீவுக்கு ஊருக்குப் போவாங்களா?"
போகமாட்டார்கள்.
"டிக்கெட் விலை ஏறிடுச்சா?"
இது சம்ரீன்.
ஜூன் மாத லீவு லெட்டரை
அவள் அம்மா போன வாரம்தான்
திருப்பி வாங்கிப்போனாள்.

கடைசித் தடுப்பில் மூன்று நாள் கன்று.
பாட்டிலைச் சாய்த்துப் பிடித்திருந்தார் ரஃபீகுல்.
முப்பத்தெட்டு பேரும் வரிசையில் வந்து
தொட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார்கள்.
"அப்ப இது எந்த ஊரு?"
"ஹாலந்து" என்றார் டாக்டர்.
"குவைத், குவைத்" என்றார் ரஃபீகுல்
அதே மூச்சில்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நானும் ஃபர்வானியா ஆஸ்பத்திரிலதான் பொறந்தேன்,
ஆனா எங்க ஊரு மார்த்தாண்டம்" என்றான் ஜெர்வின்.
"போயிருக்கியா?"
"ரெண்டு தடவை. கரண்டே இல்ல."

திரும்பும் பஸ்ஸில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.
எண்ணினேன், முப்பத்தெட்டு.
பைக்குள் நீல உறைகளை எண்ணினேன்,
எழுபத்தைந்து.

இரவு பத்தரைக்கு டாக்டருக்குப் போன் போட்டேன்.
பிளாஸ்டிக், கன்று, வயிறு
என்று பயம் கோவையில்லாமல் வந்தது.
"கிடைத்துவிட்டது மேடம்.
டார்ச் அடித்துத் தேடி
அதன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார் ரஃபீகுல்.
அவர் கையைத்தான் கடித்துவிட்டது."

மேஜையில் வினாத்தாள்கள்.
ஐந்தாம் கேள்வியை நேற்று நான்தான் தயாரித்தேன்:
நீ பார்த்த விலங்கின் ஊர் எது?
ஹாலந்து, இருபத்தொன்று.
குவைத், பதினைந்து.
சம்ரீன் "பிளேன்" என்று எழுதியிருந்தாள்.
ஜெர்வின் கோட்டை வெறுமையாக விட்டிருந்தான்,
அழித்த ரப்பர் தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

வைக்கும் முன் டாக்டர் சொன்னார்:
"கன்றுக்கு நம்பர் போட்டாயிற்று. 5102.
அந்தப் பையனிடம் சொல்லிவிடுங்கள்."

அவன் தாளின் ஓரத்தில் சிவப்பில் எழுதினேன்.
மார்க் மாதிரி இருந்தது.
அடித்துவிட்டு
பென்சிலைத் தேடினேன்.