இடது கை

ஜவுளிக்கடைத் தள்ளுபடியும்
கண்ணீர் அஞ்சலியும் கூவிய அதே குழாயில்
அந்த ஆனி மாதம் ஊசி கூவினேன்.
பென் டிரைவில் என் குரல், நாலு நிமிஷம்.
'வலிக்காது, பயப்படாதீங்க' என்று முடியும்.
நாளைக்கு அறுநூறு. டீசல் தனி.

புதுவயல் ஆலைத் தெரு.
அவித்த நெல்லின் வாடை
முகக்கவசத்துக்குள்ளும் புகுந்தது.
நர்ஸ் மெர்சி பதிவேட்டோடு இறங்கியதும்
களம் காலி.
காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த
அழகம்மை மட்டும் நின்றாள்.

"ஏய் மைக்கு, நீ போட்டியா?"
போட்டேன் என்றேன்.
"காட்டு."
சட்டைக் கையைச் சுருட்டினேன்.
நாலணா அகலத்தில் தழும்பு.

அவள் சிரித்த சிரிப்பில்
களத்துப் புறாக்கள் எழும்பிப் போயின.
"அடப் பொய்க்காரா, இது அம்மை குத்துனது.
இந்தா, எனக்கும் இருக்கு.
குதிருக்குள்ள ஒளிஞ்சவளை
தூக்கிட்டு வந்து குத்துனாக."

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து
ஒவ்வொருத்தியாய் வந்து
தன் தோளைத் தானே திருப்பிப் பார்த்தாள்.
ஒருத்திக்கு ரெண்டு இருந்தது.

மெர்சி பிரசங்கம் செய்யவில்லை.
தவிட்டு மூட்டையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.
"காய்ச்சல் வருமா?"
"வரும்."
"எத்தனை நாள்?"
"ஒரு நாள். சிலருக்கு ரெண்டு."
"அந்த ரெண்டு நாள் கூலி?"

அதற்கு அவள் பதிவேட்டில் கட்டம் இல்லை.
என் நாலு நிமிஷத்திலும் இல்லை.

கணக்குப்பிள்ளை முதலாளிக்குப் போன் போட்டார்.
முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.
மெர்சி எழுந்திருக்கவே இல்லை.
மூணு மணிக்கு ஒரு நாள் கூலி என்று முடிவானது.
ஒரு நாள்தான்.

சனிக்கிழமை, முப்பத்தொன்றில் பதினேழு பேர்.
வராதவர்களில் ஒருத்தியின் பெயரை
ஆவணியில் இதே குழாயில் சொன்னேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

பதினெட்டாவது ஆள் நான்.
ஊசியைப் பார்க்காமல்
சுவரில் இருந்த அரிசிப் பை விளம்பரத்தைப் படித்தேன்.
கன்றுக்குட்டியைப் பிடிப்பது போல
அழகம்மை என் மறு கையைப் பிடித்திருந்தாள்.
கேட்கவில்லை, பிடித்தாள்.

மறுநாள் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியவில்லை.
பள்ளத்தூர் விலக்கில் வண்டியை ஓரங்கட்டினேன்.
குழாயில் நான்
வலிக்காது வலிக்காது என்று
ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பென் டிரைவைப் பிடுங்கினேன்.
மைக்கைத் தட்டி, ஊதி, தொண்டையைச் செருமி,
எழுதி வைக்காததைச் சொன்னேன்:

வலிக்கும்ங்க.
ரெண்டு நாள் கையைத் தூக்க முடியாது.
கூலிய முன்னாடியே பேசிக்கங்க.
நான் நேத்துத்தான் போட்டேன்,
அதுக்கு முன்னாடி சொன்னது பொய்.
இப்ப வலிக்குது.
இடது கை.