ஒன்பதாவது இணை

கொச்செவ்யேவின் பீச் காட்டிலிருந்து
லோய்ஸே ரொட்டிப் பையில் கொண்டுவந்த மண்.
புனலில் கொட்டி
மேலே நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டேன்.
வெளிச்சம் ஆகாதவை எல்லாம்
கீழே, இன்னும் கீழே என்று ஓடின.
ஓடிய திசையிலேதான்
நான் சாராயக் குப்பியை வைத்திருந்தேன்.

பூரானுக்கும் மரவட்டைக்கும் ஒன்றுவிட்ட உறவு.
வெள்ளை. குருடு.
ஒரு மில்லிமீட்டர் இருந்தால் பெரிய ஆள்.
எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் கிடையாது.
கடிக்காததற்கும் தின்ன முடியாததற்கும்
யார் மெனக்கெட்டுப் பெயர் வைப்பார்கள்?

தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலத்தில்
ஓர் இரவு ஊறினால் உடம்பு கண்ணாடியாகிறது.
கிளைவிட்ட உணர்கொம்பில் மூன்று சாட்டை,
நடுவே காம்பில் ஒரு குமிழ்.
அழகுதான். ஆனால்
பங்காளிகளைப் பிரித்துச் சொல்ல முகம் உதவாது.
பின்பக்கம் பார்க்க வேண்டும்:
ஆசனவாய்க்கு மேலே ஒரு தகடு,
தூசிக்குத் தூசி,
அதன் விளிம்பில்தான் குலம் கோத்திரம் எல்லாம்.
என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று
பல் மருத்துவர் கேட்டபோது
வாயில் பஞ்சு இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை, பதினோராவது சில்லு.
மற்ற பத்திலும் மழுங்கியிருந்த தகடு
இதில் இரண்டாகப் பிளந்திருந்தது.
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.
லோய்ஸேயின் பெயரை
லத்தீனுக்கு எப்படி வளைப்பது என்றுகூட
யோசித்து, லேபிளில் எழுதியும்விட்டேன்.
அப்புறம்தான் கால்களை எண்ணினேன்.

எட்டு இணை.

வளர்ந்ததற்கு ஒன்பது.
பொரிக்கும்போது மூன்று,
தோலுரிக்க உரிக்க ஐந்து, ஆறு, எட்டு.
வேறு இனம் என்று நான் துள்ளியது
அதே வீட்டுச் சிறுபிள்ளையைப் பார்த்து.
வளர்ந்தால் விளிம்பு மாறிவிடும், அவ்வளவுதான்.
லேபிளைக் கசக்கிக் கூடையில் போட்டேன்.
பிறப்புச் சான்றிதழ் எழுத வந்தவளுக்கு
வயது பார்க்கத் தெரியவில்லை.

வெள்ளி மாலை
குப்பியின் அடிக்கசடில் இன்னொன்று.
கருமி காசு எண்ணுவதைப் போல எண்ணினேன்.
ஒன்பது.
திரும்ப எண்ணினேன்.
ஒன்பது.
தகடு பிளந்திருந்தது.
அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை
இதன் பிள்ளை.
கூடையைக் கவிழ்த்துத் தேடி
லேபிளை மேசை விளிம்பில் வைத்து நீவினேன்.

லோய்ஸேக்குப் போன் செய்தேன்.
எந்த மரத்தடி? எந்தப் பக்கம்?
அவனுக்குப் பின்னால் ரம்பத்தின் இரைச்சல்.
“அந்த வளைவா, யெர்னேயா?
லாரி திரும்ப இடம் போதவில்லையாம்.
புதன்கிழமையே ஜல்லி கொட்டிவிட்டார்களே.”

மூடுகண்ணாடியின் ஓரத்திலிருந்து
ஒரு காற்றுக்குமிழி
மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டிருக்கிறது.
காவலாளி வந்து மணி ஏழரை என்கிறார்.
தலை ஆட்டுகிறேன், எழவில்லை.
இடது கண் நுண்ணோக்கியில்,
வலது கை தாளில்.
முதலில் தகடு.
முகம், நேரம் இருந்தால்.