சப்பாத்து அளவு

மூன்றாம் முறையா வந்திருக்கிறன், சேர்.
மா ஆலையில அரைநாள் லீவு; சம்பளம் வெட்டுவினம்.

பவிஷ்ணா கணக்கை இரண்டு நிமிசத்தில முடிச்சுப்போட்டு
யன்னலால பார்க்கிறாளாம்.
டீச்சர் எழுப்பி நிக்க விட்டவா.
யன்னலுக்கு வெளியில என்ன இருந்தது எண்டு
ஒருத்தரும் கேக்கேல்லை.

இந்தக் கொப்பியைப் பாருங்கோ:
சீனன்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வந்த நாளுகள்,
எவ்வளவு தாழ்ந்து வந்தது,
இறக்கினாப் பிறகு எவ்வளவு மிதந்தது.
அடுத்தது பதினேழாம் திகதி எண்டு எழுதியிருக்கிறாள்.
வந்தது பதினெட்டு.
அண்டைக்கு இரவு சாப்பிடேல்லை.
கடலில காற்று, பிள்ளை எண்டன்.
அதையும் சேர்த்திருக்க வேணும் எண்டாள்.

“எல்லாப் பிள்ளையளும் எங்களுக்கு ஒண்டுதான், அம்மா.”

ஓம் சேர். போன மாசம் சப்பாத்து வவுச்சர் தந்தனீங்கள்.
எல்லாருக்கும் ஒரே அளவோ வாங்கச் சொன்னனீங்கள்?
வகுப்பேத்தச் சொல்லேல்லை. மேடையும் வேண்டாம்.
ஆறாம் ஆண்டுக் கணக்குப் புத்தகம் ஒண்டு.
அவள் கேட்டால்
“தெரியேல்லை, தேடிப் பாப்பம்” எண்டு சொல்ல
ஒரு ஆள்.

அதிபர் பேனையை எடுக்கவில்லை.
கொப்பியைத் திருப்பித் தரவுமில்லை;
பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே, மதிலோரம் ஒரு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின்
தாளைத் தின்றுகொண்டு நின்றது.